காப்புக் கட்டிய எட்டு நாள்

நான் ஒரு மடையன். அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. அடக்கம் என்று ஒன்று எனக்கு இருந்திருந்தால் இதை எழுதும் தேவையே வந்திருக்காது. போன வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்டிய அன்று காலை, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் சிரிக்க வேண்டுமே என்று ஒரு கேலி பேசினேன். எட்டாம் நாள் என் தங்கையின் புருஷன் இறந்துபோனார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தங்கையோ ஒரு வருஷமாக "என்னாலதான்ணே, என்னாலதான்" என்று தன்னையே குத்திக்கொண்டு கிடக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் போட்டுத் தரும் டீயைக் குடித்து, "விதிம்மா" என்று சொல்லிவிட்டு, தாராவியிலிருந்து செம்பூருக்கு பஸ் ஏறிவிடுகிறேன். மடையனோடு கோழை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேலி என்ன என்று சொல்வதற்கு முன்னால் என் சொந்த நெஞ்சின் கதையைச் சொல்ல வேண்டும். அதிலும் நான் புத்திசாலியாக வரப்போவதில்லை.

இரண்டே முக்கால் வருஷத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம், காப்பிப்பொடி வாங்கப் போனேன். போன இடத்தில் ஒரு வடை, அதற்குத் துணையாக இன்னொரு வடை. வெளியே வந்ததும் நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்கையை ஊன்றி நிற்பது போல இருந்தது. நாற்பது வருஷம் லோக்கல் ரயிலில் ஆபீஸ் போனவனுக்கு நெஞ்சில் முழங்கை ஒரு புதுமையா? கண்டுகொள்ளவில்லை. எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டு ஒரு சோடா குடித்தேன். வியர்த்தது, மே மாதம்தானே என்று நினைத்தேன். இடது கை கனத்தது. பையைத் தூக்கியதால் என்று நினைத்தேன். பையில் இருந்தது அரைக்கிலோ காப்பிப்பொடி.

மாப்பிள்ளையை, அதாவது என் தங்கை புருஷனை, அந்த நேரத்தில் அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எந்தச் சாமி என்று தெரியவில்லை. அவருக்கு ஒரு டெம்போ இருந்தது. விடியற்காலையில் தாதர் மார்க்கெட்டில் வாழை இலைக் கட்டு ஏற்றிக்கொண்டு வந்து மாட்டுங்கா ஓட்டல்களுக்குப் போடுவார். பாதிக் கட்டை இறக்கிவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார்.

"என்ன மச்சான், மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"கேஸு மாப்ள. வடை ஒண்ணு கூடிப்போச்சு."

"வடை கூடுனா வயிறுல்லா வலிக்கணும். கைய எதுக்குப் புடிச்சிருக்கீரு?"

"ட்ரெயின்ல தொங்குனது."

"நீரு ரிட்டயர் ஆயி ரெண்டு வருசம் ஆச்சு வே."

அதற்குமேல் அவர் பேசவில்லை. பேச்சு அவருக்கு இலைக் கட்டு மாதிரி; தேவைக்கு மேல் பிரிக்க மாட்டார். என்னை அலாக்காகத் தூக்கி டெம்போவில் உட்கார வைத்தார். மீதிக் கட்டு எங்கே என்று ஓட்டல்காரர் பின்னாலேயே ஓடிவந்து கத்தினார். ஆஸ்பத்திரி வாசலில் நான் இறங்கியபோது சட்டையெல்லாம் இலைக் கறை. ஈசிஜி எடுத்த டாக்டர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் சோடா குடித்துக்கொண்டு நின்றிருந்தால் வேறு மாதிரி வந்து சேர்ந்திருப்பீர்கள் என்றார்.

ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் நெஞ்சைத் திறப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். திறக்கவில்லை. மணிக்கட்டில் மரத்துப்போக ஒரு ஊசி. அந்த இடத்திலிருந்து சேமியா மாதிரி மெல்லிய குழாய் ஒன்று கை வழியாகவே இதயம் வரைக்கும் போகிறது. நாம் முழித்துக்கொண்டுதான் கிடக்க வேண்டும். பக்கத்தில் டிவி மாதிரி ஒரு திரை. அதில் நம் இதயம் கறுப்பு வெள்ளையில் துடிக்கும். சாயமருந்து ஏற்றும்போது உடம்புக்குள் வெந்நீரை ஊற்றியது போல ஒரு சூடு பரவும். அது இடுப்புக்குக் கீழே வரும்போது ஒரு மானக்கேடான சந்தேகம் வரும். பயப்பட வேண்டாம், துணி நனைந்திருக்காது. எனக்கு வந்தது, நான் தொட்டுப் பார்த்தேன், நர்ஸ் கையைத் தட்டிவிட்டார்.

அடைத்த இடத்தில் பலூனை ஊதும்போது அந்த முழங்கை மறுபடி நெஞ்சில் வந்து ஊன்றியது. நான் வீரனைப் போலப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் திட்டினார். வலித்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமாம், அதை வைத்துத்தான் அவர்கள் அளவு பார்ப்பார்களாம். வாழ்க்கையில் திறக்கவே கூடாத இடங்களிலெல்லாம் வாயைத் திறந்தவன், திறக்கச் சொன்ன ஒரே இடத்தில் மூடிக்கொண்டு கிடந்தேன். பிறகு அங்கே ஒரு சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். பேனாவுக்குள் இருக்கும் ஸ்ப்ரிங்கைவிடச் சின்னது. அதற்குப் பெயர் ஸ்டென்ட்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். ஒரு மாதத்தில் நான் செம்பூரிலும் தாராவியிலும் இதய நிபுணன் ஆகிவிட்டேன். யாருக்கு நெஞ்சு படபடத்தாலும் என்னிடம் வந்து கேட்டார்கள். நான் மணிக்கட்டுத் தழும்பைக் காட்டிப் பேச ஆரம்பித்தால் அவர்களுக்குப் படபடப்பு கூடிவிடும்.

ஒன்றரை வருஷம் கழித்து மாப்பிள்ளைக்கு வந்தது. என்னைப் போல அவர் சோடா குடிக்கவில்லை. இலைக் கட்டைத் தூக்கி நாலு படி ஏறினால் நெஞ்சு பிடிக்கிறது என்று தெரிந்த மறுநாளே டாக்டரிடம் போனார். ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். ஓர் இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைக்க வேண்டும். முதல் நாளே வார்டில் சேர்த்தார்கள். கட்டில் பக்கத்தில் தங்கை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாடம் எடுக்க நான் போனேன்.

"நெஞ்சக் கிழிப்பாங்களா மச்சான்?"

"கிழிச்சா உள்ள எந்தங்கச்சி போட்டோ இல்லங்கது வெளிய தெரிஞ்சு போவும். அதனால கையிலயே ஓட்டை போட்டுருதாங்க."

"அண்ணே, ஆஸ்பத்திரிலயும் வந்து மானத்த வாங்காத" என்றாள் தங்கை.

"மயக்கம் குடுப்பாங்களா?"

"முழிச்சிட்டுத்தான் கெடக்கணும். மூச்ச இழு, புடின்னு டாக்டர் ஹிந்தில சொல்லுவாரு. சொல்லுதப்ப புடிச்சாப் போதும். மூச்சு விடாம இருந்து உமக்கு வீட்டுலயே பழக்கம் உண்டுல்லா."

"அந்த ஸ்ப்ரிங்கு தும்முனா வெளிய வந்துராதே?"

"வராது."

"டெம்போ குழில எறங்குனா?"

"பம்பாய் ரோட்டுக்குன்னே செஞ்ச ஸ்ப்ரிங்கு வே அது. நம்ம உசுரு கழண்டு விழுந்தாலும் அது விழாது."

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் மனதில் எழுதிக்கொண்டார். அவர் குணம் அது. எனக்கும் அவருக்கும் கேலி முறை. முப்பது வருஷமாக நான் பேசியதையெல்லாம் வரி வசூலிக்க வந்தவன் பேச்சைக் கேட்பது போலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, 'ம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். அவருக்குச் சர்க்கரை உண்டு. அந்த மாத்திரையில் எதை எப்போது நிறுத்த வேண்டும், முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா, சிறுநீரகம் எப்படி என்றெல்லாம் டாக்டர் கேட்டபோது ஒன்றுவிடாமல் சொன்னார். எந்தப் பல் எப்போது ஆடியது என்பதுவரை சொன்னார்.

அன்று சாயங்காலம் தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஒரு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால், வருகிற கொடைக்கு அவர் காப்புக் கட்டி அக்கினிச் சட்டி எடுப்பார் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். எடுக்கப் போகிறவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் 'ம்' என்றுதான் சொல்லியிருப்பார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மலையாள நர்ஸ் ஒருவர் மருந்தைக் கையில் கொடுத்து, எங்கள் தமிழுக்குப் பாதி வழி இறங்கி வந்து சொன்னார்.

"சாயம் போக நல்லா வெள்ளம் குடிக்கணும். கை வீங்கினா, ரத்தம் வந்தா, உடனே வரணும். கொஞ்ச நாள் பாரம் தூக்கண்டா. பின்னெ, இந்த கேப்சூல். இது ஒரு நாள் போலும் முடக்கக் கூடாது, கேட்டோ? பல் எடுக்கப் போனாலும், வேற டாக்டர் நிறுத்தச் சொன்னாலும், எங்ககிட்ட கேட்டிட்டு மாத்ரம்."

ஏன் என்றும் சொன்னார். உடம்புக்கு ஸ்டென்ட் ஒரு அந்நியச் சாமான். இரத்தக் குழாயின் உட்சுவர் வளர்ந்து அதை மூடும் வரைக்கும், ஓடுகிற இரத்தம் அதைப் பார்த்து உறைந்து கட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படி உறைந்தால் குழாய் ஒரே நொடியில் அடைபடும். அதைத் தடுக்கிற மருந்துதான் கேப்சூலில் இருக்கிறது. எத்தனை மாதம் என்பதை டாக்டர்தான் சொல்வார். நமக்கு உடம்பு தேறிவிட்டது என்று நாமே நிறுத்தக் கூடாது.

நான் சும்மா இருப்பேனா? மாப்பிள்ளைக்கு என் பாஷையில் மொழிபெயர்த்தேன்.

"புரிஞ்சுதா வே? பொண்டாட்டி பேச்சத் தட்டுனாலும் தட்டும், இந்தக் கேப்சூலத் தட்டிராதேயும்."

"அவுக என் பேச்ச என்னைக்குத் தட்டியிருக்காக?" என்று சொல்லித் தங்கை சிரித்தாள். மாப்பிள்ளை 'ம்' என்றார்.

மூன்று மாதம் ஒழுங்காகப் போயிற்று. ஸ்டென்ட் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் அவர் ஸ்பீட் பிரேக்கர்களை மாட்டுவண்டி மாதிரி ஏறி இறங்கினார். பின்னால் வருகிறவர்கள் எல்லா பாஷையிலும் திட்டினார்கள். தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கேப்சூல். மேல் பாதி சிவப்பு, கீழ்ப் பாதி வெள்ளை.

பிறகு கொடை வந்தது.

எங்கள் தாராவிக் கோயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை கால் நாட்டினால் அடுத்த செவ்வாய்க்கிழமை கொடை. நேர்ந்துகொண்டவர்கள் முதல் செவ்வாயன்று காப்புக் கட்டுவார்கள். அன்றிலிருந்து மஞ்சள் வேட்டி, வெறுங்கால், ஒரு வேளைச் சாப்பாடு, கோயிலிலேயே படுக்கை. கறி, மீன், முட்டை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர் இவர், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று என்னைப் போன்ற நிபுணனுக்குத் தோன்றவில்லை. பூசாரி மட்டும், உடம்புக்கு முடியாதவர்கள் காலையில் கஞ்சி குடித்துக்கொள்ளலாம் என்று அவரைப் பார்த்துச் சொன்னார்.

காப்புக் கட்டி முடிந்து, பந்தலுக்கு வெளியே எல்லோரும் கூடி நின்றோம். மாப்பிள்ளை கஞ்சியைக் குடித்துவிட்டு வேட்டி மடிப்பிலிருந்து கேப்சூலை எடுத்தார். அதற்கு முந்தின நாள்தான் எங்கள் செம்பூர் பில்டிங் வாட்ஸாப்பில் எவனோ ஒருவன், கேப்சூலின் மேல்கூடு எதிலிருந்து செய்யப்படுகிறது தெரியுமா என்று ஒன்றை அனுப்பியிருந்தான். கூட்டத்தைப் பார்த்தேன். சிரிக்கத் தயாரான முகங்கள். எனக்கு அது போதாதா?

"மாப்ள, கறி கூடாது, கவுச்சி கூடாதுன்னு காப்புக் கட்டியாச்சு. ஆனா தெனம் காலையில ஒரு மாட்டெலும்ப முழுங்குதீரே, ஆத்தா சும்மா இருப்பாளா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன எலும்பு?" என்றார் அவர்.

"அந்தக் கூடு வே. மாட்டெலும்பக் காய்ச்சித்தான் அதச் செய்யுதான்."

"நெசமாவா?"

"வாட்ஸாப்புல வந்தது பொய்யாவா இருக்கும்?"

இன்னொரு சிரிப்பு. அவர் கேப்சூலை விரல்களுக்கு நடுவில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு திரும்பவும் மடிப்பில் வைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த கேலிக்குப் போய்விட்டேன். மேளக்காரரின் தொப்பையைப் பற்றி என்று நினைவு.

முப்பது வருஷத்தில் நான் பேசியதில் அவர் நம்பிய ஒரே பேச்சு அதுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் செம்பூரிலிருந்து வந்து சேரும்போது பகல் பதினொரு மணி. மேளம் காதைப் பிளந்தது. அக்கினிச் சட்டிகளுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பூசியிருந்த மஞ்சளும் திருநீறும் வியர்வையில் கரைந்து மூக்கு வழியாக இறங்கியிருந்தது.

"வாயுவு மச்சான்" என்றார். "வெறும் வயிறுல்லா. தாடை வரைக்கும் இழுக்கு."

வடையும் சோடாவுமாக நான் நின்ற நாள் எனக்கு ஞாபகம் வந்தது. அன்று அவர் என்னிடம் ஒரு கேள்வி கூட வீணாகக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அவரைத் தூக்கினேன். ஆனால் என்னைக் காப்பாற்றிய டெம்போ பத்தடி தூரத்தில் வாழைக்குலையும் சீரியல் லைட்டுமாக நின்றது, எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்தவர் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தார். பந்தல் சந்து முழுவதையும் அடைத்திருந்ததால் வேறு வண்டி உள்ளே வராது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் மெயின் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தங்கை செருப்பில்லாமல் பின்னால் வந்தாள். டாக்ஸியில் அவர் என் கையைப் பிடித்திருந்தார். சயான் சிக்னலில் வண்டி நின்றபோது, "சட்டி" என்றார். "சட்டியெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம் மாப்ள" என்றேன். 'ம்' என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நிமிஷம் கூட வீணாக்கவில்லை. கதவு திறந்தது, கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள், கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் இளம் டாக்டர் ஒருவர் பாதி வெளியே வந்து, "கோலி பந்த் கியா தா க்யா?" என்று கேட்டார். மாத்திரையை நிறுத்தினாரா என்று. நான் நிபுணன் அல்லவா, முந்திக்கொண்டேன்.

"நஹி சார், நஹி! ரோஜ் லேதா ஹை" என்றேன் உரக்க. தினமும் சாப்பிடுகிறார் என்று.

தங்கை பக்கத்தில்தான் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பட்டுப் புடவை, தலையில் நிறையப் பூ. கொடை நாளுக்கு உடுத்திய உடுப்பு.

முக்கால் மணி நேரம் கழித்து அதே டாக்டர் வந்தார். இம்முறை அவர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், டெம்போவை வேறொருவரிடம் ஒப்படைப்பதற்காக நான்தான் உட்கார்ந்து துடைத்தேன். டேஷ்போர்டில் அம்மன் படம். அதற்குப் பின்னால் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. சின்னச் சின்னப் பொட்டலங்கள், வெற்றிலை பாக்கு மாதிரி மடித்தவை. கோயிலில் தொங்கும் தினசரி காலண்டரின் கிழித்த தாள்கள். முதல் தாளில் செவ்வாய். அடுத்தது புதன். கடைசித் தாளில் மறுபடி செவ்வாய். எட்டுத் தாள்; ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கேப்சூல். மேல் பாதி சிவப்பு, கீழ்ப் பாதி வெள்ளை.

அவர் அதைத் தூக்கி எறியவில்லை. காப்பை அவிழ்த்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நாள்வாரியாக மடித்து வைத்திருக்கிறார். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். ஹாரன் அடித்துவிட்டது. சந்தில் போன ஒரு கிழவர் என்னைப் பார்த்து ஹிந்தியில் அம்மாவை இழுத்துத் திட்டினார். சரிதான் என்று பட்டது.

பொட்டலங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் என் மாத்திரைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். பிறகு என் டாக்டரிடம் போனேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். யாரோ ஒரு நண்பருக்கு நடந்தது என்று சொல்லிக் கேட்டேன்.

"விரதம்னா விரதம்னு எங்ககிட்ட சொல்லப்படாதோ?" என்றார். "கேப்சூல் வேண்டாம்னா அதே மருந்து மாத்திரையா இருக்கே. ரெண்டு வரி மாத்தி எழுதிக் குடுத்திருப்பேன். சாப்பாட்டு நேரத்தையும் அதுக்குத் தகுந்தாப்பல பார்த்திருக்கலாம்."

"அதனாலதான் போனாரா டாக்டர்?"

"நிச்சயமாச் சொல்ல முடியாது. மருந்து ஒழுங்கா எடுத்துண்டவாளுக்கும் சமயத்துல அடைச்சுண்டுடறது. ஆனா நடுவுல நிறுத்திட்டா அந்த பயம் ரொம்ப ஜாஸ்தி, அதுவும் முதல் சில மாசத்துல." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உங்க ஃப்ரெண்டோட கேப்சூல் இருக்கட்டும், நீங்க உங்களோடதை எடுத்துக்கறேளா?"

எடுத்துக்கொள்கிறேன். அதுதான் கொடுமை. தினமும் காலையில் அதே சிவப்பும் வெள்ளையும். நான் காப்புக் கட்டாதவன், கறி தின்கிறவன், எனக்கு அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது.

இதைப் படிக்கிறவர்களில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர் யாராவது இருந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அம்மனுக்கோ அல்லாவுக்கோ மேரி மாதாவுக்கோ விரதம் இருங்கள், அது உங்கள் விஷயம். அதற்கு முன்னால் டாக்டரிடம் போய் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சாமிக்கு ஆகாத கூடு, நோன்பு நேரம், பல்லில் இரத்தம் வருகிறது, எதுவானாலும் சொல்லுங்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள். சிரிக்கிறவன் வீட்டில் இருப்பான், மச்சான் என்ற பெயரில். அவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

கேலியை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். பீடியை விட்ட கதைதான். விடுகிறேன், மறுநாள் காலையில் வாயில் இருக்கிறது. ஆனால் தாராவி வீட்டில் மட்டும் ஒரு வருஷமாக என் வாயில் ஒன்றும் வரவில்லை. தங்கை மாவாட்டுவாள், துணி மடிப்பாள், நடுவில் கை அப்படியே நின்றுவிடும். "என்னாலதான்ணே. என் வாயாலதான்" என்பாள். அவரைக் கேட்காமல் நேர்ந்துகொண்டதைத்தான் சொல்கிறாள். அந்த நேர்ச்சை இல்லாவிட்டால் காப்பும் இல்லை, விரதமும் இல்லை என்று அவள் கணக்கு. என் வாயைச் சுமக்க வேண்டியவள் அவளில்லையே. ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்து என் கேலியைச் சொன்னால் போதும், அவள் நெஞ்சில் ஊன்றி நிற்கிற முழங்கை எடுபட்டுவிடும். அதன்பிறகு அவள் என்னை வாசலில் ஏற்ற மாட்டாள். கூடப்பிறந்தவள் என்று எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அந்தப் பயத்தில் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

இதுவரை எழுதி வைத்துவிட்டுத்தான் நேற்று தாராவிக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை. இந்த வருஷக் கொடைக்கு நேற்றுதான் கால் நாட்டு. காகிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது, அவள் ஹிந்தி ஸ்கூலில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள் என்று. ஐம்பது வருஷம் தங்கையாக இருந்தவளைப் பற்றி இதுகூட நினைவில் இல்லாத அண்ணன்.

அவள் தரையில் உட்கார்ந்து பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து எட்டுப் பொட்டலத்தையும் வரிசையாக வைத்தேன். பிறகு வாசித்தேன். சிரிப்பு வர வேண்டிய இடங்களை நான் வேகமாகத் தாண்டினேன். மாட்டெலும்பு வந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அந்த வரியை மறுபடி வாசித்தேன். வாசித்து முடித்தபோது வெளியே சந்தில் மேளத்தைத் தட்டிச் சுருதி பார்க்கிற சத்தம் கேட்டது.

அவள் முதல் செவ்வாய்க்கிழமையின் தாளைப் பிரித்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்தாள். எந்த மடிப்பு எப்படி இருந்ததோ அப்படியே மறுபடி மடித்து, வரிசையில் அதன் இடத்தில் வைத்தாள்.

"அன்னைக்கு நான் அந்தப் பேச்சப் பேசாம இருந்திருந்தா, அவரு இன்னைக்கு இருந்திருப்பாரும்மா" என்றேன்.

அவள் பீர்க்கங்காயைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அவுக எங்கிட்ட வந்து கேட்டாக, நாந்தான் போட வேண்டாம்னேன்."